அடி விழாத வகுப்பு

ஜூன் 3, செவ்வாய்

பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வந்து படிக்க, கண்டியில் எங்கள் இலவச நிலையத்தைத் திறந்து ஒரு மாதம். மின்விசிறி, புத்தக அலுமாரி, தேநீர், தின்ன ஒரு பணிஸ். வருகிற பிள்ளைகளை ஒரே வாங்கில் உட்கார வைத்துவிடலாம். எதிர்ப்பக்கம் கஜேந்திரன் மாஸ்டரின் டியூசன் கொட்டகை. தகரக் கூரை, மாதக் கட்டணம், நிற்க இடமில்லை. பிரம்புச் சத்தம் இங்கு வரை கேட்கிறது. விளம்பரத்துக்கென்று அவர் வேறு செலவு செய்வதில்லை.

ஜூன் 5

ஐந்தாம் வகுப்பு லோஜினியும் இங்கு வருவதை நிறுத்திவிட்டாள். அப்பா சந்திரகுமார், சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. மரியாதையாகத்தான் சொன்னார்.

"பிழையா நெனைக்காதீங்க சேர். நீங்க நல்லவரு. ஆனா புள்ளைக்கு ஸ்கொலர்ஷிப் சோதன வருது. அடிக்காம எப்படி ஏறும்?"

பிள்ளை உளவியல் பற்றிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு வீதியைக் கடந்து, மகளை மாஸ்டரிடம் வழக்கமான வாசகத்தோடு ஒப்படைத்தார்: "கண்ண மட்டும் விட்டுருங்க மாஸ்டர்."

ஜூன் 9

மேலதிகாரி அஸீமா மிஸ் வந்தார். பிள்ளைகள் கூடாவிட்டால் மாத இறுதியில் நிலையத்தை மூடுவார்களாம். தரம் இருந்தும் ஏன் வரவில்லை என்று கேட்டார். எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். அந்நேரம் பார்த்து அங்கே ஒரு பிள்ளை அலறியது. மிஸ் தேநீரைக் கீழே வைத்தார்.

ஜூன் 12

பின்னக் கணக்கு ஒன்று பிழையாம், மாஸ்டர் அறைந்தாராம். லோஜினி இடது காதைப் பொத்திக்கொண்டு எங்கள் குழாயடிக்கு வந்தாள். விரலிடுக்கில் இரத்தம். பெரியாஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார்கள். அந்தக் காது இனிக் கேட்பது சந்தேகம்.

கழுத்தில் மாவு படிந்தபடி சந்திரகுமார் ஓடி வந்தார். மகளின் கண்களை உற்றுப் பார்த்தார். கண்கள் நன்றாக இருந்தன. ஒப்பந்தம் மீறப்படவில்லை.

ஜூன் 13

பேசத்தான் போனேன். இங்கேயாவது அதை எழுதி வைக்கிறேன் – பேசத்தான் போனேன்.

மாஸ்டர் கரும்பலகையிலிருந்து திரும்பக்கூட இல்லை. "தகப்பனே கேக்கல, ஒங்களுக்கென்ன சேர்? நீங்க பணிஸ் குடுங்க, நான் படிப்பு குடுக்கிறேன்."

அவர் உக்கார்ற கதிரை எப்ப என் கையில வந்துச்சு? மொத அடி தோள்ல. அடுத்தது வாயில. பல்லு தெறிச்சு முன் வாங்குல விழுந்துச்சு. ஆள் விழுந்த பொறகும் அடிச்சேன். ஏன் நிறுத்தல? கதிரைக் கால் முறியிற வரைக்கும் ஏன் நிறுத்தல?

பிள்ளைகள் ஒருவரும் அழவில்லை. அவர்களுக்குப் பழகிய காட்சி. அடிவாங்கும் ஆள்தான் புதிது.

ஜூன் 14

பொலிஸில் இருந்தேன். காதும் பல்லும் சரிக்குச் சரி என்று சார்ஜன்ட் தீர்த்துவைத்தார். மாஸ்டர் முறைப்பாட்டை மீளப் பெற்றார். வாய் வீங்கியிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜூன் 18

கொட்டகைக்குப் பூட்டு. நான் நல்ல சட்டையொன்றை உடுத்துக்கொண்டு, வேலையை விடப்போவதாகச் சொல்லப் போனேன். மிஸ் கொழும்பில்.

ஜூன் 23, திங்கள்

வாசலில் பெற்றோர் கூட்டம். அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன். ஆளுக்கொரு பிள்ளையைப் பிடித்திருந்தார்கள். சந்திரகுமார் முன்னால் வந்தார், பக்கத்தில் காதில் கட்டுடன் லோஜினி.

"மன்னிச்சிருங்க சேர். ஒங்களுக்கு அடிக்கத் தெரியாதுன்னு நெனச்சிட்டோம்."

இங்கே யாரையும் அடிக்கமாட்டேன் என்றேன். எல்லோரும் புரிந்ததுபோல் சிரித்தார்கள்.

ஜூலை 1

அஸீமா மிஸ் அழைத்தார். நிலையத்தை மூடவில்லை. கம்பளையிலும் தெல்தோட்டையிலும் இதேபோலத் திறக்கப் போகிறார்களாம். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். பெற்றோரின் நம்பிக்கை என்றேன்.

பிற்பகலில் மண்டபம் நிறைந்திருந்தது, சத்தமே இல்லை. கரும்பலகையின் மேல்வரியை அழிக்கக் கையை உயர்த்தினேன். முன்வரிசை முழுவதும் குனிந்து காதுகளைப் பொத்தியது.

லோஜினி வலது காதை மட்டும் பொத்தினாள்.