கடலைத்தோலில் தெளித்த தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு இது ஒன்றுதான்.

இன்றைக்குக் கட்டை மிஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. அம்மா முகத்தில் சிரிப்பு. கடலைத்தோலையும் காய்ந்த பருத்தித் தண்டையும் அரைவை மிஷினில் பொடியாக்குவோம். கட்டை மிஷின் அந்தப் பொடியைச் சூடாக்கி, அழுத்தி, உருட்டுக் கட்டையாக வெளியே தள்ளும். பசை வேண்டாம், ஒன்றும் வேண்டாம். துணி வெளுக்கும் ஆலையில் விறகுக்குப் பதில் அதைத்தான் பாய்லரில் போடுகிறார்கள். போன வருடம் வரை இந்தத் தண்டையெல்லாம் வயலிலேயே கொளுத்தினார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரைவை மிஷினில் தோலை அள்ளிப் போடுவது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கியது. அங்கே நின்றால் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மூன்று வருடம் அம்மா தையல் கம்பெனி விடுதியில் இருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். அப்பா கப்பலில் சமையல்காரர், அவரை வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கலாம். நான் மாமாவோடு இருந்தேன். மிஷின் வாங்கி அம்மா வீட்டோடு வந்தபிறகு, தினமும் அவள்தான் எனக்குத் தலை பின்னுகிறாள். இழுத்துப் பின்னுகிறாள், வலிக்கிறது. சொல்லமாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மூச்சு இழுக்கிறது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. தூசிதான். மிஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒன்றும் இல்லையே.

அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் மிஷினை விற்றுவிடுவாள். விற்றால் மறுபடி விடுதிதான்.

இருமல் வரும்போது கொல்லைப்பக்கம் ஓடிவிடுகிறேன். மாமா பார்த்துவிட்டார். "என்னடி எலி, நாலு தடவ ஓடிட்ட? வயித்துல கோளாறா?" என்றார். ஆமாம் என்றேன். ராத்திரி எனக்கு மட்டும் கஞ்சி.

மார்ச் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். தோலில் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்புவதே இல்லை. யாரும் பார்க்காதபோது இரண்டு சொம்பு தெளித்தேன். இருமல் பாதியாகிவிட்டது. இது எனக்கு முன்னாடியே தோன்றியிருக்கக் கூடாதா?

மார்ச் 11, செவ்வாய்

நாலு சொம்பு. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 13, வியாழன்

கட்டையெல்லாம் விரிசல். எடுத்தால் கையிலேயே உதிர்கிறது. ஆலையிலிருந்து ஒரு லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. "அக்கா, கட்டை கேட்டா தவிடு அனுப்பியிருக்கீங்க" என்றாராம் பாய்லர்காரர்.

மாமா பொடியைக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தார். உருண்டையாக நின்றது. "ஈரம். அந்தத் தோல்காரர் வேலைதான் இது. எடை கூடணும்னு தண்ணி அடிச்சுக் குடுக்குறாரு."

கடலைத்தோல் கொண்டுவருகிறவர் அப்போதுதான் வண்டியோடு வாசலுக்கு வந்தார். "நான் அப்படிச் செய்வேனாம்மா?" என்று மட்டும் கேட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், "இனிமே வேணாங்க" என்றாள். வண்டியைத் திருப்ப அவருக்கு வெகு நேரம் ஆனது. தெரு குறுகல். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஏன் பேசவில்லை? வாய் இருந்ததே. அவர் போனதும் இட்லிக்கு வாய் திறந்ததே — இல்லை, அதுகூட இறங்கவில்லை.

இனி தண்ணீர் தெளிக்கமாட்டேன். அதோடு சரியாகிவிடும். ஆகிவிடும்தானே?

மார்ச் 14, வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

ஈரப்பொடியை வீணாக்க வேண்டாம் என்று மாமா புதுப்பொடியோடு கலந்து போட்டார். நான் வீட்டுக்குள் நுழையும்போது பட்டாசு வெடித்தமாதிரி ஒரு சத்தம். மிஷினுக்குள் ஈரம் ஆவியாகி அடைத்துக்கொண்டு, ஒரு கட்டை பீரங்கிக் குண்டாகப் பறந்திருக்கிறது. மாமா காதோரம் போய்ச் சுவரில் மோதியது. சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்குப் பள்ளம்.

சொல்லிவிட்டேன். தண்ணீர், இருமல், கொல்லை, தோல்காரர், எல்லாம். நடுவில் மூச்சு இழுத்தது, நிறுத்தாமல் சொன்னேன்.

அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகில் காதை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா. மிஷின வித்துடாதம்மா. நீ விடுதிக்குப் போயிடுவ."

"யாருடி விக்கிறேன்னது? கேள்வியும் நீயே, பதிலும் நீயே. பரீட்சை எழுதி நீயே பெயிலும் ஆயிட்டியா?"

மாமா சுவரோரம் உட்கார்ந்தபடி, "தப்பிச்சது என் காது. அதையும் யாராவது கொஞ்சம் விசாரிங்க" என்றார். அம்மா சிரித்துவிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மார்ச் 15, சனி

டாக்டரம்மா இன்ஹேலர் கொடுத்தார். அரைவை மிஷின் பக்கமே போகக்கூடாதாம்.

திரும்பும் வழியில் தோல்காரர் வீட்டுக்குப் போனோம். மன்னிப்பை நான்தான் கேட்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சரி விடு பாப்பா" என்றார். பிறகு அம்மாவிடம், "இத்தன வருஷமா தோல் விக்கிறேன், தண்ணி ஊத்தி எடை கூட்டலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றார். அம்மா தலை நிமிராமலே, "பழையபடி நீங்களே கொண்டாங்க" என்றாள்.

மார்ச் 22, சனி

அரைவை மிஷின் கொல்லைக் கடைசிக்குப் போய்விட்டது. அது தூசியைக் கக்கும் வாயில் அம்மா ஆள் உயரத்துக்கு ஒரு துணிப்பை தைத்துக் கட்டியிருக்கிறாள். தூசி பைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நான் பள்ளியில் இருக்கும்போது மட்டும்தான் அது ஓடும். எனக்குக் கட்டை அடுக்கும் வேலை. "தாராளமா அடுக்கு. சொம்ப மட்டும் உள்ள வெச்சிட்டு வா" என்கிறார் மாமா.

ஏழு நாளாக விசில் இல்லை.

மார்ச் 29, சனி

சாப்பிட உட்கார்ந்தபோது தையல் கம்பெனியிலிருந்து போன். ஆள் வேண்டுமாம், சம்பளம் கூடுதலாம். பேசுவது எனக்கும் கேட்டது. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தேன்.

அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "இல்லைங்க, எங்க வேலைக்கே இங்க ஆள் பத்தல" என்றாள். போனை வைத்தாள். "என்ன பாக்குற? ஆறுது பாரு."

சாப்பிட்டேன். இன்னொரு முறையும் போட்டுக்கொண்டேன்.