படகு என்று வரையப்பட்ட வீடுகள்

மார்ச் 4
இன்றும் அண்ணனோடு சண்டை. சதுப்பில் மரக்கால்களின் மேல் நிற்கும் வீடுகளையெல்லாம் பிடுங்கிவிட்டுப் படகுத்துறை கட்டப் போகிறானாம். அதில் ஒன்று என் மாமியாருடையது. கணவர் கப்பல் வேலைக்குப் போனபின் அந்தக் கிழவிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தமாகி, தீவில் இவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான். "உனக்கே அவளப் புடிக்காது, இப்ப என்ன திடீர்ப் பாசம்?" என்கிறான். பாசமாவது மண்ணாவது. இவன் திமிர்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 9
நான் வேலை பார்க்கும் வரைபட அறைக்கே வந்து, பழைய வரைபடத்தின் நகலை வாங்கிப் போனார் அண்ணனின் வக்கீல். சதுப்பில் வீடே கிடையாது, வெறும் படகுக் குறிகள்தானாம். என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 10
அட! மூல வரைபடத்தின் ஓரத்திலேயே குறிப்பு இருக்கிறது, அளந்தவன் கடல் ஏறியிருந்த நேரத்தில் வந்திருக்கிறான். மரக்கால்கள் மூழ்கினால் வீடுகள் மிதப்பதுபோலத்தான் தெரியும். கிட்டப் போய்ப் பார்க்காமலே படகு என்று குறித்துவிட்டான், சோம்பேறி. முப்பது வருடம் கழித்து வரைந்த இன்னொரு வரைபடத்திலும் அதே வரிசை, அதே வளைவு. எந்தப் படகு அத்தனை காலம் அசையாமல் நிற்கும்?

மார்ச் 11
மாமியாரிடம் சொல்லப் போனேன். ஏணியில் ஏறவே விடவில்லை. "உங்கண்ணன் அனுப்பினானா?"
எப்படியோ போ என்று திரும்பிவிட்டேன்.

மார்ச் 18
நில அதிகாரி முன் விசாரணை. இரண்டு வரைபடங்களையும் ஒரே அளவில் நகலெடுத்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். குறிகள் அப்படியே பொருந்தின. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பிறகு அதிகாரி, மூல வரைபடத்தின் மடித்திருந்த மறுபாதியையும் விரிக்கச் சொன்னார். அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். தீவின் தென்முனையில், எங்கள் வீடு நிற்கும் அதே இடத்தில், 'படகுக்காரர் மீன் காயவைக்கும் திடல்'. படகுகளே வீடுகள் என்றால், படகுக்காரர் சதுப்புக்காரர்தானே. மடிப்பு கிழிந்துவிடும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? அண்ணன் என்னையே பார்த்தான் — இவன் பார்வைக்கு நான் பயப்படுவதா? விரித்தேன்.

வெளியே வந்ததும், "இருக்குற வீட்டுக்கே உலை வச்சிட்டியேடி," என்றான்.

ஏப்ரல் 2
தீர்ப்பு. வீடுகளும் சதுப்புக்காரர்களுக்கு, திடலும் அவர்களுக்கு. திரும்பி வந்தபோது என் பெட்டி வாசலில் கிடந்தது.

ஏப்ரல் 3
கடல் வற்றிய நேரம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் போனேன். மாமியார் ஏணிக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வா என்று சொல்லவில்லை. உள்ளே போனவள், கயிற்றில் கட்டி ஒரு வாளித் தண்ணீரை இறக்கினாள்.

"சேத்துக் காலோட ஏறாத. இப்பதான் பெருக்குனேன்."