வெளியில இருக்கிறவர்கள்

என் அன்பு மகள் பிரியங்கினிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் அப்பா இடுப்பில் கட்டும் சாரத்தைத் துவைத்துக் கொடியில் போட்டேன். அவர் வந்துவிட்டாரோ என்று பதறாதே, ஒன்பது வருடமாக ஆளில்லாத அந்தச் சாரம் வாரம் ஒருமுறை துவைபடுகிறது, ஆம்பிளை இருக்கிற வீடாகத் தெரியவேண்டுமாம், உன் அத்தை குணேஸ்வரியின் உத்தரவு. நானும் சாரமும் சுகம். மெல்பேர்ன் குளிரில் நீயும் சுகமாக இருக்க வெருகல் முருகன் துணை.

இந்த மாதம் ஊரின் குடும்ப விபரம் எடுக்கும் வேலை என் தலையில். ஆறு மாதத்துக்கு மேல் வீட்டில் இல்லாதவரைச் சேர்க்கக்கூடாது என்று பிரதேச செயலகக் கந்தோரில் சொல்லி அனுப்பினார்கள். நாளை எல்லாம் கொடுக்கவேண்டும், எங்கள் வீட்டுப் படிவம் மட்டும் குடும்பத் தலைவர் யார் என்ற முதல் கேள்வியிலேயே வெறுமையாகக் கிடக்கிறது. ஊரில் தொண்ணூற்று நான்கு வீடு, எங்கே கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் அங்கே இல்லாத ஆளுடையதுதான். எங்கே என்றால் "வெளியில". கட்டாரும் வெளி, கனடாவும் வெளி, கொழும்பில் கடையில் நிற்பதும் வெளி. மறியலில், கம்பிக்குள் இருக்கும் முத்தனும் வெளியிலதானாம். உள்ளுக்கு இருக்கிறவரையா வெளியில என்கிறாய் என்று கேட்டேன், "வீட்டுக்கு வெளியிலதானே அக்கா, பிழையே?" என்றாள் அவன் மனைவி யோகமலர்.

கோயில் தலைவர் பாக்கியரத்தினம் அண்ணர் பின்னாலேயே வந்து, "பிள்ளை, பக்கத்து ஊரில ஆக்கள் கூடிப்போச்சு, எங்கட வெளியில நிக்கிற பொடியளையும் போட்டுவிடுங்கோ" என்றார். அந்தப் பக்கத்து ஊர் ஜவ்பர் நானாவைத் தோப்பூர் சந்தையில் கண்டால், "நீங்க கூட்டிப் போடுறீங்களாம் தங்கச்சி, நாங்களும் சவூதியில நிக்கிற புள்ளயளச் சேக்கச் சொல்லிட்டோம்" என்று சிரிக்கிறார். இல்லாத ஆட்களை வைத்து இரண்டு ஊரும் ஒன்றையொன்று வெல்லப் பார்க்கின்றன. இருப்பதென்னவோ முழங்கால் நோகும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாக்கியரத்தினம் அண்ணருந்தான். வெளியில நிற்கிற எல்லாருடைய பெயரையும் வெட்டினேன். உன் பெயரையும் எழுதமாட்டேன், கோவிக்காதே, நீ போய் மூன்று வருடம்.

பிறகு யோகமலர் கேட்டாள், "எல்லாரையும் கேக்கிறியள், உங்கட அவர் எங்க அக்கா?" என் வாய் தானாக "வெளியில" என்றது. இருவரும் சிரித்துவிட்டோம். உனக்குத் தெரிந்ததுதான், ஒருதடவையாவது எழுதிப் பார்க்கிறேன்: உன் அப்பா பாலையூற்றில் வேறொரு பெண்ணுடன், இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறார். பஸ்ஸில் போனால் ஒன்றரை மணித்தியாலம். ஊரில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதமாதிரி நடப்பதுதான் மரியாதை.

நேற்று அத்தை கதிரையில் உட்கார்ந்து அழுதா. "அண்ணன்ர பேரைத் தலைவர் எண்டு போடுங்கோ மச்சாள், இல்லாட்டி பிரியங்கினியை ஆர் பொம்பிளை கேட்டு வருவினம்?" தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இரண்டு துண்டுப் பாணைத் தின்றே காலந்தள்ளாதே, சோறு சமை. தலை ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், பிள்ளை.

இன்னும் ஒருவருக்கும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். நாளைக் காலையில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதப்போகிறேன், திருமண நிலைக்குப் பிரிந்து வாழ்பவர் என்று. உன்னைக் கேட்டு வருபவர்கள் அப்பா எங்கே என்று கேட்டால், பாலையூற்றில் என்று சொல்லு.

ஆசிகளுடன்,
அம்மா