வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விரிசல்

துபாய், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, தமிழழகன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். மிளகாய்ப்பொடி மட்டும் தீர்ந்துவிட்டது. ஊரிலிருந்து யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள்.

நான் காவல் பார்க்கும் கலைக்கூடத்தில் இத்தாலியச் சிற்பிகள் ஆறு பேர் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்கள். அதில் ஒரு சிற்பம் வெறும் சிமெண்ட் சுவர், நடுவில் விரிசல். கொத்தனார் மகன் எப்படிச் சும்மா இருப்பேன்? சிமெண்ட் பால் ஊற்றி அடைத்து, ஈரச்சாக்கு போர்த்தி, மூன்று நாள் தண்ணீர் விட்டேன்.

நேற்று மேலாளர் அசோக் சார் பார்த்துவிட்டார். உடையார்பாளையத்துக்காரர்.

“என்னய்யா பண்ணி வச்சிருக்க? அந்த விரிசல்தான்யா சிலை.”

“அப்ப செவுரு என்னங்க சார்?”

“அது விரிசல் நிக்கிறதுக்கு.”

வெள்ளிக்கிழமை திறப்புவிழா. அந்தச் சுவரைச் செய்த சிற்பி அம்மாளும் அன்றுதான் வருகிறார். அதற்குள் விரிசல் திரும்பாவிட்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஓங்கித் தட்டினால் சுவரே போய்விடும். மெல்லத் தட்டினால் அசையவில்லை. நீங்கள் பழக்கிய கை அடைத்தது அல்லவா.

பயப்பட வேண்டாம், ஓர் உதவி போதும். விக்கிரமங்கலத்தில் சித்தப்பா கட்டிய சுவர் ஒரே மழையில் நேர்கோடாகப் பிளந்ததே, அது எப்படி என்று அவரிடம் கேளுங்கள். அந்தச் சுவரால்தான் ஆறு வருடமாக நீங்கள் அவரோடு பேசுவதில்லை என்று தெரியும். இந்தக் கடிதத்தைப் படமெடுத்துத் தங்கை இலக்கியாவின் போனுக்கே அனுப்புகிறேன்; அவர் சொல்வதை அவள் அதில் பதிந்து அனுப்பட்டும்.

கேட்கும்போது திட்டிவிடாதீர்கள். இப்போதைக்கு நம் குடும்பத்தில் எனக்குப் பயன்படும் கொத்தனார் அவர்தான்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

தமிழழகன்