நீ கடைசியாக வரைந்த கடல்

அக்கா,

இன்று காலை கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்தபோது உன் வண்ணப்பெட்டி அகப்பட்டது. மூடியைத் திறந்ததும் டர்பன்டைன் வாசனை முகத்தில் அடித்தது. "வா அக்கா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிவிட்டேன். அப்புறம்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஒரு காலத்தில் நீ கடலைத் தவிர வேறெதையும் வரைந்ததில்லை. சுனாமிக்குப் பிறகு, கடலோரப் பனித்திட்டுக் குப்பத்திலிருந்து அந்தப் பெட்டியோடு வில்லியனூர்ப் பக்கம் என் மண்பாண்டக் கொட்டகைக்கு வந்தாய்.

"இன்னாக்கா, படம் வரையலியா?" என்று கேட்டேன்.

"கடலுக்குக் கோடு போட்டா அது எழும்பி வருது. எனக்கு மண்ணு குடு."

சக்கரத்தில் உட்கார்ந்து பழகினாய். உன் ஜாடிகளைத் தேடிப் பாண்டிச்சேரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாமே மண் நிறம், புகை நிறம், கறுப்பு. நீலத்தை மட்டும் நீ தொட்டதே இல்லை. கடல் நிறத்தில் கேட்ட ஓட்டல்காரரிடம், "கடலு வேணும்னா கடலாண்ட போய்ப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

ஒரு மழைநாளில், மண் பிசைந்துகொண்டே நீயாகச் சொன்னாய்.

"அன்னிக்குக் கடலு உள்ள வாங்கிடுச்சு. அடியில கெடந்த சேறு, அப்டி ஒரு நெறம். நான் பாத்ததே இல்ல. வரஞ்சிகினு இருந்தேன். எங்க வூட்டுக்காரரு கத்திகினே ஓடியாந்தாரு. 'இருய்யா, வரேன்'னேன்."

அவர் உன்னை இழுத்துவந்து ஒரு மாடிப்படியில் ஏற்றித் தள்ளியிருக்கிறார். மேலே போய் நீ திரும்பிப் பார்த்தபோது கீழே தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

பிசைந்த மண்ணில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலியோடு ஒரு பெரிய ஜாடி செய்தாய். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அதில் என்னவோ வரைந்தாய். வழக்கமான கறுப்பு மை என்றுதான் நினைத்தேன். மேலே, சுட்டால் கண்ணாடிபோல் ஆகிவிடும் வெள்ளைப் பூச்சு ஊற்றியதும் எல்லாம் மறைந்துபோனது. "சூளைய நான்தான் தெறப்பேன்" என்றாய். அதற்குள் போய்விட்டாய்.

கருமாதி முடிந்து நான்தான் சுட்டேன். சூளையைத் திறந்தால், கறுப்பாகத் தெரிந்த அந்த மை நெருப்பில் நீலமாகியிருந்தது. ஜாடியைச் சுற்றிலும் உள்வாங்கிய கடல். சேற்றோரம் கைலியை மடித்துக் கட்டிய ஒருவர், வாய் திறந்தபடி ஓடிவருகிறார். உன்னைத் தேடி ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நீ எங்கும் இல்லை. அவரோ நேராக என்னைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தார். நீ நின்ற இடத்தில் நான் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதை விற்கவில்லை. ஒருநாள் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன். மனம் கேட்காமல் மறுபடி திருப்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் வீட்டிலிருந்து யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், சக்கரத்தில் பாண்டம் பாதி எழும்பியிருந்தாலும், ஈரக் கையோடு எழுந்து ஓடுகிறேன் அக்கா. பின்னால் அது சரிந்துவிழும் சத்தம் கேட்கும். விழட்டும்.