நீல நூலில் தைத்த மூட்டை

புவாக்கே, ஐவரி கோஸ்ட்
12.3.2011

அன்புள்ள மகேஸ்வரிக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முட்டிவலி தேவலையா? அவருக்குப் படித்துக்காட்டும்போது அடுத்த பத்தியை விட்டுவிடு.

இங்கே மறுபடி சண்டை. தெற்கே கொக்கோ விளைகிறது. அந்தக் காசில் அரசாங்கம் துப்பாக்கி வாங்குகிறது. வடக்கே நம் பண்ருட்டி மாதிரி முந்திரிக்காடு. லாரிக்கு லாரி வரி வாங்கித்தான் கலகக்காரர்கள் வண்டி ஓடுகிறது. அதனால் முந்திரி வாங்க வந்த எங்களை ஒன்றும் செய்ய மாட்டார்கள். நேற்று மட்டும் அவர்கள் சோதனைச்சாவடியில், என் பையிலிருந்த கொட்டை வெட்டும் கத்தியைப் பார்த்து ஒரு சிப்பாய் துப்பாக்கியை நீட்டிவிட்டான். அவர்கள் அடுப்பிலேயே நாலு கொட்டையைச் சுட்டு, உடைத்துப் பருப்பைக் கொடுத்தேன். அவன் அப்பாவுக்கு முந்திரித்தோப்பு இருக்கிறதாம். பருப்பைத் தின்றதே இல்லையாம். மென்றுகொண்டே சாலைக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வழிவிட்டான்.

அடுத்த கப்பலில் வரும் மூட்டைகளில் ஒன்றை நீல நூலில் நானே தைத்திருக்கிறேன். நீ கொட்டை உடைக்கும் கம்பெனிக்கு வந்தால் அதை நீயே பிரி. கடலூர் போனால் ரப்பர் கையுறை வாங்கிக்கொள். அதுவரை கையில் சாம்பல் பூசாமல் கொட்டை உடைக்காதே, ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்து கறுத்துவிடும். "கறுத்த கைய எவன் மாமா பாக்கப் போறான்?" என்பாய். நான் பார்க்க வேண்டாமா?

"ஒரு சீசன்தானே, போய்ட்டு வாங்க" என்றாய். இது மூன்றாவது சீசன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். கடிதத்தை அவரிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும். இங்கே நான் தொட்ட கொட்டை இரண்டு மாதத்தில் உன் கைக்கு வந்துவிடுகிறது, மகேஸ்வரி. எனக்குத்தான் மூட்டையில் இடமில்லை.

உன் மாமா,
செம்பியன்