கல்வட்டத்துக்குள் ஒரு கிணறு

பிப்ரவரி 6
கம்பெனியில் என் தையல் மெஷின் மறுபடி மக்கர். சூப்பர்வைசர் குர்ஷித் அக்கா, "கற்காலத்து மெஷின் ஹேமா, உன் போன் மாதிரி" என்றார். அவருக்கு எது பழசானாலும் கற்காலம்தான். நானும் சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 9
போர்வெல் வற்றிவிட்டது. வேர்க்கடலை காய் பிடிக்கிற நேரம். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயோடு எங்கள் கடலைக் கொல்லையைச் சுற்றினார். வட்டமாகக் கிடக்கும் பாறைகளுக்கு நடுவே தேங்காய் எழுந்து நின்றது. அங்கேதான் கிணறு என்று என் வீட்டுக்காரர் பாண்டியன் முடிவு கட்டிவிட்டார்.

பிப்ரவரி 11
ஜேசிபி ஆளுயரம் தோண்டியதும் ஒரு மண் தாழி. குடத்தைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே எலும்புகள், விரல் தடிமன்கூட இல்லை. பக்கத்தில் சின்னக் கிண்ணம், சிவப்பு மணிகள்.

பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கும் ஜேக்கப் சாரைக் கூப்பிட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். குழந்தைதான், வரலாற்றுக்கு முந்தைய காலம் என்றார். ரொம்பப் பழசா என்று கேட்டேன்.

"பழசுங்கிறதால மட்டும் இல்லம்மா. எழுதி வைக்காத காலம். இது யாரு, பேரு இன்னான்னு சொல்ல ஒரு எழுத்துகூட கெடையாது."

எழுதத் தெரியாது, ஆனால் இத்தனை பாறைகளை உருட்டி வந்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்காக! எங்கிருந்து கொண்டுவந்தார்களோ, எத்தனை பேர் தள்ளினார்களோ. மணிகளைக் கோத்தது அம்மாவாகத்தான் இருக்கும். உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருக்கிறது. சாப்பிடத் தோன்றவில்லை.

பிப்ரவரி 12
இப்படி எது கிடைத்தாலும் தாசில்தாருக்குச் சொல்ல வேண்டுமாம். சொன்னால் கிணறு கிடையாது, எடுத்துப் போட்டுவிட்டுத் தோண்டு என்கிறார் மாமியார். பாண்டியன் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

போன வருஷம் எங்கள் பெண் பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டாள். பேர் வைக்காத குழந்தைக்குச் சடங்கு இல்லையாம். வரப்போரம் புதைத்தார்கள். எந்த இடம்? என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் 'ஹேமலதா குழந்தை' என்றுதான். அப்போ — அவளும் அந்த எழுதி வைக்காத காலத்தவள்தானா?

பிப்ரவரி 13
பாண்டியன் தாசில்தார் ஆபீஸுக்குக் கிளம்பினார். கடலை என்ன ஆவது என்றேன்.

"போனா போவுது. அவங்க கொழந்தைக்கு எவ்ளோ பெரிய கல்லு வச்சிருக்காங்க பாரு. நாம ஒண்ணும் வைக்கல."

அவளைப் பற்றி இவர் பேசியது இதுதான் முதல் தடவை.

மார்ச் 3
கடலை பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது. இன்று பாண்டியன் என்னை வரப்புக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். இரண்டு பேருமாக ஒரு கல்லை உருட்டி வந்து வைத்தோம். மூச்சு வாங்கியது. வயிற்றில் இருக்கும்போதே நான் அவளுக்கு ஒரு பேர் வைத்திருந்தேன். அவரிடம்கூடச் சொன்னதில்லை. இன்று சொன்னேன். எழுதியும் வைக்கிறேன்.

பூவிழி.